மார்ச் மாதத்துப் பனி

கனெக்டிகட், மார்ச் 1834

என் அன்புக்குரியவருக்கு,

பாஸ்டனில் உங்கள் சொற்பொழிவுக்கு நல்ல கூட்டம் என்று பத்திரிகையில் பார்த்தேன். நீங்கள் இல்லாத குறை தெரியாமல் பள்ளிக்கூடத்தை நடத்துகிறேன். விறகு இருக்கிறது. பன்னிரண்டு பிள்ளைகளில் நாலு பேர்தான் வருகிறார்கள். வியாழனுக்குப் பிறகு மற்றவர்களை வீட்டோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அன்று நான் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். நம் கெசியா கையுறை மாட்டிக்கொண்டு வந்து, "அம்மா, குளம் நல்லா உறைஞ்சிருக்கா? மேல நடந்தா தாங்குமா?" என்று கேட்டாள். குழந்தைக்குப் பதில் சொல்லக் கூடாது, அதுவே தேடிக்கொள்ள விடவேண்டும் என்பீர்களே. "நீ என்னடி நினைக்கிற?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தாங்கும்மா" என்றாள். உங்களைப் போலவே தலையாட்டி மெச்சினேன்.

குளத்தில் ஐஸ் வெட்டுகிற எல்க்கானாதான் அவளைத் தண்ணீரிலிருந்து தூக்கி வந்தார். "மார்ச் மாசத்துப் பனிய யாராவது நம்புவாங்களா? வேணாம்னு ஒரு வார்த்தை சொல்ல வாத்தியார் வீட்ல ஆளே இல்லையா?" என்று திட்டிக்கொண்டே அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை அடக்கம் செய்தோம். கையுறை இன்னும் அடுப்புக்கு மேலே காய்கிறது.

இன்று காலை குட்டி டார்க்கஸ், "டீச்சரம்மா, கெசியா எப்ப வருவா?" என்றாள். நான் திருப்பி ஒரு கேள்வி கேட்பேன் என்று மற்ற மூவரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"வர மாட்டா, கண்ணு" என்றேன்.

உங்கள் பள்ளிக்கூடத்தில் நான் சொன்ன முதல் பதில் அது.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா