கடலோடு பேச்சில்லாத மாமிக்கு

மாமி, இன்று காலையில் அம்மா ஊறுகாய் போடத் தேசிக்காய் வெட்டித் தரச் சொன்னார். நேற்று ஒரு நூலகப் புத்தகத்தின் தாள் என் சுட்டுவிரலை வெட்டியிருந்தது. இரவல் புத்தகம் என்பதால் தாளில் இரத்தம் படாமல் பார்த்துக்கொண்டேனே தவிர, விரலை நான் கவனிக்கவில்லை. முதல் தேசிக்காயின் சாறு அந்த வெட்டில் இறங்கியபோது நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வளவு நாய் குரைத்தது. விரலை வாயில் வைத்தேன். புளிப்பும் தோலின் கசப்பும் சேர்ந்த வாசம் மூக்கில் ஏறியதும், எங்கள் வாசல் படலையடியில் நீங்கள் நின்று, "ஒராள் ஒராளா வாங்க, வரிசைய உடைக்கப்படாது" என்று சத்தம் போடுவது எனக்குக் கேட்டது.

அதனால் இதை எழுதுகிறேன். உப தபால் கந்தோரில் இத்தனை வருடம் கடிதங்களுக்கு முத்திரை குத்தியவர் நீங்கள். நான் எந்த விலாசம் எழுதினாலும் 'விலாசம் பூரணமில்லை' என்று திருப்பி அனுப்பிவிடுவீர்கள். ஆகவே விலாசம் எழுதவில்லை.

போன வருட ஆகஸ்ட் விடுமுறை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கச்சான் காற்று வீசி, கொடியில் போட்ட உடுப்பு பத்து நிமிடத்தில் அப்பளம் மாதிரி ஆகிவிடும் நாட்கள். தம்பிக்கு எட்டு வயது. பாசிக்குடாவுக்குப் போகவேண்டும், அதுவும் உங்களோடு போகவேண்டும் என்று ஒரு கிழமையாக உங்கள் கதிரையைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"மாமி, அங்க தண்ணி முழங்காலுக்குத்தான். எவ்வளவு தூரம் நடந்தாலும் தாழமாட்டீங்க."

"நீ போய் நட. எனக்கும் கடலுக்கும் பேச்சில்ல."

"ஏன், சண்டையா?"

"ஓம். பிழை செஞ்சது அது. அது வந்து முதல்ல கதைக்கட்டும்."

தம்பி அதை அப்படியே நம்பினான். சொந்தக்காரர்கள் வருடக்கணக்கில் பேசாமல் இருப்பதை அவன் பார்த்திருக்கிறான். கடலும் ஒரு சொந்தக்காரர் என்று நினைத்துக்கொண்டான். எனக்கு மட்டும் அப்பா ஒருநாள் சொல்லியிருந்தார். நான் பிறப்பதற்கு முன், கடல் ஊருக்குள் வந்த அந்த வருடம், நீங்கள் வாகரையில் தங்கி வேலை பார்த்தீர்கள். தண்ணீர் வந்த அன்று பின்னேரம் வரைக்கும் ஒரு மரத்தில் இருந்தீர்கள். உங்களோடு ஒரே அறையில் தங்கியிருந்த சிநேகிதி திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு நீங்கள் கடலில் கால் வைத்ததேயில்லை. நீங்கள் இதைப் பற்றி எங்களிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. 'பேச்சில்ல' என்பது மட்டும்தான்.

கடைசியில் தம்பியின் கரைச்சல் தாங்காமல் ஒரு பந்தயம் கட்டினீர்கள். "பஸ் காசும் சோத்துப் பார்சலும் உங்கட உழைப்பில வரட்டும். வந்தா நான் கடலுக்குள்ள கால் வைக்கிறன். வரல்லெண்டா இந்தக் கதைய மறுகா எடுக்கப்படாது. சரியா?"

நாங்கள் மூன்று பேரும் சரி என்றோம். மூன்றாவது ஆள் பக்கத்து வீட்டுத் துளசி. ஆறு வயது. அவள் எதற்கும் சரி என்பாள்.

தேசிக்காய்த் தண்ணீர் விற்பது என்று முடிவு செய்தோம். பின்வளவு மரத்தில் காய் குலுங்கியது. வேறு முதல் எங்களிடம் இல்லை. திட்டம் எழுதும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு கொப்பியில் பதினொரு பக்கம் எழுதினேன். நோக்கம், தேவையான பொருட்கள், பணிப் பங்கீடு, எதிர்பாராத இடர்கள். இடர்களில் மழை, மாடு, எறும்பு, காற்று, தம்பி தானே குடித்து முடித்தல் என்று ஐந்தைக் குறித்திருந்தேன். நீங்கள் சிவப்புப் பேனையால் ஓரத்தில் ஒரே ஒரு சொல் எழுதித் தந்தீர்கள். 'ஆடு?'

அது என்னைக் குத்திக் காட்டுவதற்கு. நான்காம் ஆண்டில் பள்ளிக்கூடத்துச் சிறுவர் சந்தையில் என் கீரைக் கட்டுகளை ஓர் ஆடு முழுதாகத் தின்று முடித்தது. நான் பக்கத்திலேயே கதைப் புத்தகம் வாசித்துக்கொண்டு இருந்தேன். அன்று பின்னேரம் நீங்கள் கேட்டீர்கள்: "ஆடு காசு தந்திச்சா கா?" அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நான் எதைச் செய்யத் தொடங்கினாலும் அந்த ஆடு முன்னுக்கு வந்து நிற்கும். இந்தக் கடை சரியாக நடந்தால் உங்கள் கால் கடலில் படும். ஆட்டின் கதையும் முடியும். நான் எவ்வளவு தீவிரமாக இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. திட்டத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தேன்.

நாளைத் தெரிவு செய்தது நீங்கள். சித்தாண்டிக் கோயில் திருவிழாவின் தீர்த்த நாள். எங்கள் வீட்டுக்கு முன்னால் போகும் பெரிய தெருவில் விடியற்காலையிலிருந்து சனம் நடந்துகொண்டே இருக்கும். "அவ்வளவு சனமும் தாகத்தோட போகும். வேறென்ன வேணும்?" என்றீர்கள். பந்தயத்தில் எதிர்ப்பக்கம் நீங்கள்தான். ஆனாலும் ஒரு வேலை அரைகுறையாக நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க உங்களால் ஏலாது.

முதன்முதலாகச் செய்யும் வியாபாரம் என்பதால் மங்களமாகத் தொடங்கவேண்டும் என்றும் சொன்னீர்கள். படலையடியில் நான்கு கம்பு நட்டு அப்பா தென்னோலைக் கிடுகு போட்டார். மேசைக்கு வெள்ளைத் துணி விரித்தீர்கள். நிறைகுடம் வைத்தீர்கள். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. ஒரு தட்டில் திருநீறும் சந்தனமும். மாவிலைத் தோரணத்தை நீங்களே கட்டினீர்கள். அது நான் மூன்று நிறத்தில் எழுதிய விலைப்பலகையை முழுதாக மூடியது. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. இப்படியொரு பந்தலைத் திருவிழாக் காலத்தில் தெருவோரம் பார்த்தால் எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூட அது என்ன என்று தெரியும். தெரியாமல் போனது எங்கள் நான்கு பேருக்கு மட்டும்தான்.

முதலில் வந்தவர் வெறுங்காலோடு நடந்து வந்த ஒரு தாத்தா. தம்பி இரண்டு கையாலும் கோப்பையை நீட்டினான். ஒரே மூச்சில் குடித்தார். இன்னொன்று கேட்டார். அதையும் குடித்தார். பிறகு தட்டிலிருந்து திருநீறு எடுத்துத் தம்பிக்கும் துளசிக்கும் பூசி, "முருகன் உங்கள நல்லா வைக்கட்டும், மக்காள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"பாவம், வயசான மனிசன். மறந்திட்டார்" என்றீர்கள்.

அடுத்து ஒரு குடும்பம் வந்தது. பன்னிரண்டு பேர் இருக்கும். எல்லோரும் மறந்தார்கள். ஓர் அம்மா கொண்டுவந்த இரண்டு போத்தலையும் நிரப்பிக்கொண்டார். "உப்புக் கொஞ்சம் கூடப் போடலாம், புள்ள" என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. பதினொரு பக்கத் திட்டத்தில் நான் எழுதாத இடர் அது. எங்களுடைய கடையை எல்லோரும் தாகசாந்தி என்று நினைத்துவிட்டார்கள். நேர்த்திக்கடன் வைத்தவர்கள் கோயிலுக்கு நடப்பவர்களுக்குச் சும்மா கொடுக்கும் தண்ணீர்ப் பந்தல்.

"மாமி, காசு எண்டு சொல்லுங்க" என்றேன் மெதுவாக.

"நீ சொல்லு கா. கடை உன்ட."

"நீங்கதானே பெரியவ."

"நான் அரசாங்க உத்தியோகத்தர். நடுத்தெருவில நிண்டு காசு கேக்க எனக்கு ஏலா."

"அப்ப தம்பி சொல்லட்டும்."

"நான் ஊத்துற ஆள். பணிப் பங்கீட்டில அப்பிடித்தான் போட்டிரிக்கு" என்றான் தம்பி.

கூவி விற்கும் வேலை துளசிக்கு. 'குளிரான தேசிக்காய்த் தண்ணி' என்று அவளுக்கு இரண்டு நாள் பழக்கியிருந்தோம். அவள் கதிரையில் ஏறி நின்று மூச்சை இழுத்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு கூட்டம் "அரோகரா" என்று சொல்லிக்கொண்டு வந்தது. துளசியும் முழுத் தொண்டையில் "அரோகரா" என்றாள். அன்று முழுவதும் அவள் வேறு ஒன்றும் சொல்லவில்லை.

கந்தோரில் மூன்று மணிக்கு ஒரு நிமிடம் பிந்தி வந்தவரை நாளைக்கு வரச் சொல்கிற உங்களை எனக்குத் தெரியும். ஒரு ரூபாய் குறைந்தால் முத்திரையைத் திருப்பி வாங்குகிற உங்களைத் தெரியும். அந்த நீங்கள், வெறுங்காலோடு வந்த சனத்தின் முன்னால் வாயைத் திறக்கமுடியாமல் சீலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றீர்கள். அப்போது ஒரு கிழவி கேட்டார்: "என்ன நேத்தி, புள்ள?"

நீங்கள் திகைத்துப்போய் என்னைக் கை காட்டினீர்கள். "இவவுக்குப் பரீட்சை."

"எந்தப் பாடம் குறைவு?"

"கணக்கு" என்றான் தம்பி, யாரும் கேட்காமலே.

அந்தக் கிழவி என் தலையில் கை வைத்து முருகனிடம் என் கணக்கைப் பற்றி நீளமாகக் கதைத்தார். பின்னால் வந்தவர்களுக்கும் சொன்னார். மத்தியானத்துக்குள் சித்தாண்டிக்குப் போன சனத்தில் பாதிக்கு நான் கணக்கில் மோசம் என்பது தெரிந்திருந்தது. என் வகுப்பு ஆசிரியரின் அம்மாவும் அதில் இருந்தார்.

உங்களுக்கு வீம்பு வந்தது அதற்குப் பிறகுதான். உப்புக் குறைவு என்று இன்னொருவர் சொன்னதும் உள்ளே போய் உப்புப் போத்தலோடு வந்தீர்கள். பிறகு சீனி போதாது என்றீர்கள். பிறகு ஐஸ் இல்லாமல் இதென்ன தண்ணி என்று அப்பாவை ஓட்டோவில் அனுப்பினீர்கள். காய் முடிந்ததும் அம்மா ஊறுகாய்க்கு எடுத்து வைத்திருந்ததும் வந்தது. பத்து மணிக்கு நீங்கள் மேசைக்கு முன்னால் கயிறு கட்டி வரிசை வைத்துவிட்டீர்கள். "ஒராள் ஒராளா வாங்க. கைப்பிள்ளக்காரர் முன்னுக்கு வாங்க. அண்ணன், நீங்க ரெண்டாந்தரம் வாறீங்க, எனக்குத் தெரியும்." நானும் தம்பியும் பிழிந்து பிழிந்து கை வெந்து நின்றோம்.

பதினொரு மணியளவில் மோட்டார் சைக்கிளில் ஓர் அண்ணன் வந்தார். தோரணத்தை விலக்கி, விலைப்பலகையை வாசித்தார். காலையிலிருந்து அதை வாசித்த ஒரே மனிதர். குடித்தார். சட்டைப் பைக்குள் கையை விட்டார். தம்பி கையை நீட்டிவிட்டான். பாசிக்குடா அந்தப் பைக்குள் இருப்பது மாதிரி இருந்தது.

நீங்கள் தம்பியின் கையைத் தட்டிவிட்டீர்கள். "என்ன தம்பி, தாகசாந்திக்கு ஆராச்சும் காசு வாங்குவாங்களா? கும்பிட்டுட்டுப் போங்க."

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். நாங்கள் மூன்று பேரும் உங்களையே பார்த்தோம். நீங்கள் எங்களைப் பார்க்காமல் கோப்பை கழுவினீர்கள்.

பின்னேரம் பந்தலைப் பிரிக்கும்போது தம்பி அழுதான். "தோத்தவங்க தோத்தவங்கதான்" என்றீர்கள். "அந்தக் கதைய மறுகா எடுக்கப்படாது." நானும் அழுதேன், ஆனால் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். துளசி மட்டும் சந்தோசமாக இருந்தாள்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை கழித்து, விடிய எழுப்பி, வாழைச்சேனை பஸ்ஸில் எங்களை ஏற்றினீர்கள். மடியில் நான்கு சோற்றுப் பார்சல். தம்பி வாயைத் திறக்க முன்பே, "பந்தயத்துக்கும் இதுக்கும் சம்மந்தமில்ல. நான் கரையில இரிப்பன். அவ்வளவுதான்" என்றீர்கள்.

பாசிக்குடாவில் குடையை விரித்து, கடலுக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். கோபித்துக்கொண்ட வீட்டுக் கலியாணத்துக்கு ஊருக்காக வந்தவர் மாதிரி. தம்பி ஒரு வாளி நிறையக் கடல் தண்ணீரைத் தூக்கி வந்து உங்கள் முன்னால் வைத்தான்.

"அது வந்து கதைக்கட்டும் எண்டீங்கல்லா. கூட்டிட்டு வந்திரிக்கன்."

நீங்கள் வாளியை எட்டிப் பார்த்தீர்கள். "இது செல்லாது. பதிவுத் தபால் மாதிரித்தான். ஆள் நேர வரணும்."

அவன் கோபத்தில் வாளியை அப்படியே உங்கள் காலில் கவிழ்த்துவிட்டு ஓடினான்.

சாப்பிட்ட பிறகு அவனும் துளசியும் தூரத்தில் மண்ணில் குழி தோண்டினார்கள். நான் மரத்தடியில் குப்புறப் படுத்து வாசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் முதலில் அவர்களைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். நான் ஒரு பக்கத்தைப் புரட்டினேன். நீங்கள் எழும்பினீர்கள்.

செருப்பைக் கழற்றி ஒன்றோடொன்று சேர்த்து வைத்தீர்கள். சீலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீர் முடிகிற இடம் வரைக்கும் போய் நின்றீர்கள். நெடுநேரம் நின்றீர்கள். கந்தோரில் கண்ணாடித் துவாரத்துக்குக் குனிந்து ஆட்களோடு வாதாடுவது மாதிரிக் கொஞ்சம் குனிந்திருந்தீர்கள். உங்கள் வாய் அசைந்தது. காற்று என் பக்கமிருந்து அடித்ததால் ஒரு சொல்லும் எனக்குக் கேட்கவில்லை. பிறகு கால் வைத்தீர்கள். கணுக்கால். அதற்கு மேல். முழங்கால். அங்கே நின்று, ஒரு கையால் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தீர்கள், காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொடுவது மாதிரி. திரும்பி வந்து, செருப்பைப் போட்டு, பழையபடி தெருவைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள்.

தம்பி வந்து பார்த்தான். "மாமி, சீலை நனைஞ்சிரிக்கு."

"நீ ஊத்தின தண்ணிதான்."

"அது அப்பவே காஞ்சிட்டே."

"மறுகா நனைஞ்சிட்டு. போய் வாளியக் கழுவு."

அவன் என்னைப் பார்த்தான். "எனக்கென்ன தெரியும், நான் வாசிச்சிட்டு இரிந்தன்" என்றேன். நீங்களும் என்னைப் பார்த்தீர்கள். "ஓம், அவ வாசிச்சா ஆடு வந்தாலும் தெரியாது" என்றீர்கள். அப்போது உங்கள் முகத்தில் தெரிந்த நிம்மதிக்காக அந்த ஆட்டை நான் வாழ்நாள் முழுக்கச் சுமக்கத் தயார் என்று நினைத்தேன்.

மாசியில், ஒரு லீவுக் கடிதம்கூட எழுதிக் கொடுக்காமல், ஒரு காலை நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள். கடலிடம் என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் நான் பார்த்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

துக்கத்துக்கு வந்த எல்லோரிடமும் தம்பி சொன்னான்: "எங்கட மாமி கடைசி வரைக்கும் கடலோட கதைக்கல்ல." இப்போதும் பெருமையாகச் சொல்கிறான். அப்பா தலையாட்டுகிறார். நான் புத்தகத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்கிறேன். பந்தயத்தில் நாங்கள் தோற்றோம் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைக்கிறார்கள், மாமி. அப்படியே இருக்கட்டும்.