மாட்டுத் தொட்டியில் மீன்

1911 மார்ச் 8, புதன்

இறைச்சி ஆகாத வெள்ளிக்கிழமைக் குழம்புக்காக நான் மாட்டுத் தொட்டியில் மீன் வளர்க்கவில்லை. தபசு காலத்தில் மீன்காரிக்குக் கொடுக்க மனமில்லாத கஞ்சப் பிசினாரி என்று கோவிலில் பேச்சு. அந்த மீன் ஒன்றும் விரல் நீளம்கூட இல்லை. பூனைக்கே காணாது.

வெயில் கடுமை. வாய்க்காலில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர்.

பேசியவள் யார் என்றும் தெரியும். கொழுந்தன் மனைவி அந்தோணியம்மாள். பூசை முடிந்து வெளியே வரும்போது என் முதுகுக்குப் பின்னால்:

"சுத்தபோசனத்துக்கு அக்கா கடைக்கே போகாண்டாம் பாத்துக்க. தொட்டிக்குள்ள கைய விட்டாப் போதும்."

கூடவே நாலு பேர் சிரிப்பு. நான் திரும்பவில்லை. திரும்பினால் காதில் விழுந்தது என்று ஆகிவிடும்.

இந்த நோட்டிலாவது உள்ளது சரியாக இருக்கட்டும். அவை கெண்டைக் குஞ்சுகள். மாடு பார்க்கும் இசக்கி வாய்க்காலில் துணி விரித்துப் பிடித்தாள். பாசியைத் தின்னும். கொசுப்புழுவைத் தின்னும். கன்னியர் மடத்தில் படித்தபோது மதர் தண்ணீர்த் தொட்டியில் இப்படித்தான் விட்டிருந்தார்கள். இரை போடக் கூடாது. போட்டால் பாசியைத் தொடாது. தண்ணீரை முழுதும் இறைக்கக் கூடாது. பாதியை விட்டு மீதி ஊற்ற வேண்டும். ஒரு மூலையில் ஓலை, நிழலுக்கு. மாடு வாய் வைத்ததும் எல்லாம் ஓலைக்கு அடியில். போன கோடையில் நாறிக் கிடந்த தொட்டி. இப்போது அடிக்கல் தெரிகிறது.

இதைக் கேட்க யாருக்குப் பொறுமை? கஞ்சத்தனம் என்றால் ஒரே சொல்லில் முடிந்தது.

வாங்க வேண்டியவை: உப்பு, விளக்கெண்ணெய், எள்ளுப் புண்ணாக்கு.

மார்ச் 10, வெள்ளி

சிலுவைப்பாதை முடிந்து வீடு வந்தேன். தொட்டி வெள்ளை வெளேரென்று. உள்ளும் புறமும் சுண்ணாம்பு. ஓலை குப்பையில்.

கொழுந்தன் சவரிமுத்து வேட்டியை மடித்துக் கட்டி நின்றார். பெரிய உபகாரம் செய்த முகம்.

"பாத்தியளா மைனி? கல்யாண வீடு மாரி ஆக்கிட்டேன்."

"மீன் எங்க?"

"அதையா கேக்கிய? நம்ம வீட்டுக்கு அனுப்பியாச்சு. இனும ஒரு பய ஒங்களப் பத்தி வாயத் தொறக்க மாட்டான்."

"யாரக் கேட்டு எடுத்திய?"

"அண்ணன் உயிரோட இருக்கும்போது போட்ட தொட்டிதான மைனி. எனக்குப் பாத்தியத கெடையாதா?"

இசக்கி தொழுவத்து மூலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "வேண்டாம்னுதாம்மா சொன்னேன். 'ஏட்டி, ஒஞ் சோலியப் பாரு'ன்னுட்டாவ."

மதியம் அவர்கள் வீட்டிலிருந்து மூடிய கிண்ணம். என் கெண்டைகள். தேங்காய் அரைத்து, புளி ஊற்றி.

"அக்கா இத்தன நாளா வளத்தாவ, அவியளுக்கு இல்லாமலான்னு குடுத்துவிட்டாவ" என்றாள் கொண்டுவந்தவள்.

கேலி இல்லை. அந்தோணியம்மாள் நல்ல மனதோடு அனுப்பியிருக்கிறாள். அதுதான் பொறுக்கவில்லை. கிண்ணத்தைத் திறக்காமல் திருப்பிக் கொடுத்தேன். எனக்குக் கஞ்சியும் துவையலும்.

மார்ச் 11, சனி

செவலைப் பசு தொட்டியில் வாய் வைக்க மறுக்கிறது. மோந்து பார்க்கிறது, மூச்சு விடுகிறது, தலையைத் திருப்பிக்கொள்கிறது. நிறைசினை மாடு. குடத்தில் கொண்டுவந்து வாளியில் ஊற்றினால் ஏதோ கொஞ்சம்.

தொட்டியைத் தேய்த்தோம். கழுவி ஊற்றி மறுபடியும் தேய்த்தோம். விரல் வெடிப்பில் சுண்ணாம்பு எரிகிறது.

"விடுங்கம்மா, நான் தேய்க்கேன்."

விடவில்லை.

புண்ணாக்கு வரவில்லை. பங்குச் சாமியார் வீட்டுக்கு மோர் அனுப்ப மறந்துபோனேன்.

மார்ச் 13, திங்கள்

மேகம் உண்டு. மழை இல்லை.

சவரிமுத்து ஓர் ஆளோடு வந்தார். வள்ளியூர்ச் சந்தை மாட்டுத் தரகன். என்னிடம் ஒரு வார்த்தை இல்லாமல் செவலையின் வாயைப் பிளந்து பல் பார்த்தான்.

"என்ன அண்ணாச்சி, மாடு வாடிக் கெடக்கு? தண்ணி காட்டுததில்லையா?"

"மைனிக்கு வயசாயிட்டுல்லா. பாவம், முன்ன மாரி முடியல" என்றார் சவரிமுத்து.

நான் அங்கேதான் நிற்கிறேன். சுண்ணாம்பு அடித்தவர் வாயிலிருந்து இது.

"மாட்ட யாரு விக்கச் சொன்னா?"

"ஒங்க மவன்தான். கொழும்புலேர்ந்து காயிதம் போட்டிருக்கான். மாட்ட வித்துட்டு, வீட்டப் பூட்டிட்டு, அம்மாவ ஒங்களோட வச்சுக்கிடுங்க சித்தப்பான்னு."

"காயிதத்தக் காட்டுங்க."

"வீட்டுல கெடக்கு மைனி. நான் பொய்யா சொல்லுதேன்?"

"காட்டிட்டு மாட்டத் தொடுங்க."

தரகன் சிரித்தான். "வாரும்வே, போவோம். மாட்டவிட மைனிதான் முட்டுவாவ போலிருக்கு."

ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிப் போனார்கள். காகிதத்தோடா, கயிற்றோடா, சொல்லவில்லை.

அந்தோணியம்மாள் வீட்டில் எனக்கு ஒரு மூலை. அவள் போடும் குழம்பு. அவள் போகச் சொல்லும் நேரத்தில் கோவில். நினைக்கவே வாய் கசக்கிறது.

மகன் ஞானப்பிரகாசம் எனக்கு எழுதும் கடிதத்தில் மாட்டைப் பற்றி ஒரு வரி இருந்ததில்லை. சுகம், சுகமறிய ஆவல், அவ்வளவுதான். சவரிமுத்து பொய் சொல்கிறார் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத முடியவில்லை. அவன் எழுதியிருக்கவும் கூடும்.

மார்ச் 14, செவ்வாய்

காலையில் செவலை தொட்டியில் கொஞ்சம் குடித்தது. இசக்கி மறுபடி துணியோடு வாய்க்காலுக்குப் போயிருக்கிறாள்.

கொழும்புக்குக் கடிதம் தபாலில் போட்டாயிற்று. தூத்துக்குடிக் கப்பலில் போய், உடனே எழுதினால், ஞாயிற்றுக்குள் பதில் வரலாம். அனுப்பியதன் நகல்:

மகன் ஞானப்பிரகாசத்துக்கு,

நான் சுகம். மாட்டை விற்கவும், வீட்டைப் பூட்டவும், என்னைத் தம் வீட்டில் வைத்துக்கொள்ளவும் நீ எழுதியதாகச் சித்தப்பா சொல்கிறார். கடிதத்தைக் காட்டவில்லை. நீ எழுதினாயா, இல்லையா? எழுதியிருந்தால் காரணம் சொல்ல வேண்டாம். எழுதினேன் என்று மட்டும் சொல். ஊருக்கு வருகிற ஆளிடம் சொல்லி அனுப்பாதே, சித்தப்பாவுக்கும் எழுதாதே. உன் கையெழுத்தில், என் பெயருக்கு, பதில் எழுது.