நாலுக்குக் கீழே

ஞாயிறு, இரவு பத்து மணி.

அண்ணன் மேல் வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

காலையில் இருவரும் மவுண்டன் பைக்கில் சிங்கப்பூரின் வடக்கே, கிராஞ்சிப் பக்கம் போனோம். கொளுத்தும் வெயில். வியர்த்துக் கொட்டியது, வெயிலால்தான் என்று மிதித்துக்கொண்டே இருந்தேன். விரல்கள் நடுங்கிய பிறகுதான் போனைப் பார்த்தேன். நீரிழிவுக்காகக் கையில் ஒட்டியிருக்கும் சென்சார், ரத்தச் சர்க்கரை 3.2 என்றது; நாலுக்குக் கீழே போனால் ஆபத்து. பையில் வைத்திருக்கும் குளுக்கோஸ் மாத்திரைகள் போன சவாரியிலேயே தீர்ந்திருந்தன. நல்லவேளை, பக்கத்தில் ஒரு கடை. இனிப்புப் பானமான சிராப் தண்ணீர் வாங்கி வாயில் வைக்கப்போனேன். அண்ணன் பிடுங்கிப் புல்லில் ஊற்றிவிட்டார்.

"உனக்கு இனிப்பு ஆகாதுலா!"

"அண்ணே, சுகர் இறங்கிடுச்சு!"

"நீதானே தீபாவளிக்குச் சொன்னே, இனிப்பைத் தொட்டா பிடுங்கிடுங்கன்னு?"

சொன்னேன்தான். ஏறினால் என்ன செய்வது என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். இறங்கினால் என்ன செய்வது என்று சொல்லவே இல்லை. பேசத் தெம்பில்லாமல் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். எண்ணைப் பார்த்ததும் கடைக்கு ஓடி இன்னொரு சிராப் தண்ணீர் வாங்கி வந்தார்.

கால் மணி நேரத்தில் 5.1. நிழலில் நன்றாக உட்கார்ந்துவிட்டு, மெதுவாக மிதித்தே வீடு வந்து சேர்ந்தோம். எந்த எண்ணுக்கு என்ன செய்வது என்று வழி முழுக்க என்னைக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார்.

இப்போது ஒரு படம் அனுப்பியிருக்கிறார். அவருடைய சைக்கிள் கைப்பிடியில் டேப் ஒட்டி, பேனாவால் எழுதியிருக்கிறார்: "நாலுக்குக் கீழேன்னா பிடுங்காதே, கொடு." பக்கத்தில் ஒரு சிராப் போத்தல். முழுப் போத்தல்.