மகன் பெயரால் ஆண்ட பேரரசியாருக்கு

கொன்ஸ்தாந்திநோப்பிள் மாநகரில் அரியணை வீற்றிருந்து, பின்னர் தீவொன்றில் மறைந்த பேரரசியார் அவர்களின் சமூகத்திற்கு,

வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இம்மடல் காலந்தாழ்த்தி வருவதைப் பொறுத்தருளுமாறு முதற்கண் வேண்டுகிறேன். ஆயிரத்து இருநூறு ஆண்டுத் தாமதத்துக்கு நான் பொறுப்பாளி அல்லேன். உங்கள் வரலாற்றை வாசித்து முடித்த பின்னரும் ஒரு குளிர்காலம் முழுவதும் எழுதாமல் இருந்ததற்கு மட்டும் நானே பொறுப்பு.

நான் டென்மார்க்கில், இக்காஸ்ட் என்னும் பழைய நெசவு நகரில் வாழும் ஈழத் தமிழ்ப் பெண். ஊரில் எட்டாம் வகுப்போடு போர் என் படிப்பை நிறுத்தியது. மீதியை நானே படித்துக்கொண்டேன். முதலில் தமிழ் இலக்கணம், பின்னர் டேனிஷ், அதன்பின் இந்நகர நூலகம் தந்த வரலாறுகள். எனக்கு ஆசிரியர் என்று எவரும் இல்லை. இதைக் குறையாக அன்று, தகுதியாகவே தெரிவித்துக்கொள்கிறேன்.

இந்த நாட்டிலும் மகன் பெயரால் ஆண்ட ஓர் அரசி உண்டு. ரொஸ்கில்டே பேராலயத்தில் வெள்ளைக் கல்லாகப் படுத்திருக்கிறாள். முதலில் அவளுக்குத்தான் எழுத எண்ணினேன். ஆனால் அவளுடைய மகன் தாயோடு மோதும் வயதுக்கு வருமுன்னரே இறந்துபோனான். அது அவளுக்குத் துயரம். அவளுடைய ஆட்சிக்கு வசதி. உங்களுக்கும் எனக்கும் அந்த வசதி வாய்க்கவில்லை. நம் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

நீங்கள் ஏதென்ஸிலிருந்து கொண்டுவரப்பட்ட அநாதைப் பெண். பேரரசரான கணவர் இறந்தபோது மகனுக்குப் பத்து வயதும் நிறையவில்லை. பிள்ளை வளரும்வரை பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதானே உங்களிடமும் சொன்னார்கள்? நாணயத்தின் முகப்பில் உங்கள் உருவத்தைப் பதித்து, மகனைப் பின்புறத்துக்கு அனுப்பினீர்கள். அந்தப் படத்தை நான் நூலகத்தில் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் இராச்சியம் சிறியது. இக்காஸ்ட்டுக்கு வெளியே, மூடிக்கிடந்த பின்னலாடைத் தொழிற்சாலையொன்றை என் கணவரும் சில குடும்பங்களும் வாடகைக்கு எடுத்து முருகன் கோவில் ஆக்கினார்கள். கணவர் தலைவர். அவர் மாரடைப்பால் போனபோது என் மகன் துவாரகன் நான்காம் வகுப்பில் இருந்தான். தலைமை எங்கள் குடும்பத்துக்கே உரியது என்று சபை கூடித் தீர்மானித்தது. "பெடியன் வளருமட்டும் நீங்கள் பாருங்கோ" என்றார்கள். கொமூன் என்னும் நகராட்சி அலுவலகத்துக் கடதாசிகளில் நான் தற்காலிகத் தலைவர் ஆனேன்.

கொடியேற்ற நாளில் தலைவருக்குப் பட்டுத் துணியால் பரிவட்டம் கட்டுவது எங்கள் முறை. விதவையின் தலையில் அது ஏறாது. ஆகவே துவாரகனுக்குக் கட்டினார்கள். சின்னத் தலை, துணி கண்வரை வழிந்தது. பின்னால் நின்று அதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். ஐயர் மரியாதையை அவனுக்குக் கொடுத்தார். அடுத்தது என்ன செய்வது என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஆட்சி என்பது அப்படித்தான் நடந்தது.

உங்கள் கணவரின் தம்பிமார் அரியணைக்கு ஆசைப்பட்டபோது, அவர்களைக் கொல்லாமல் தலைமயிர் மழித்துக் குருமாராக்கி, கிறிஸ்து பிறந்த நத்தார் நாளில் ஊர் முழுவதும் பார்க்கத் தேவாலயத்தில் அப்பம் பரிமாற வைத்தீர்களாம். குருவானவன் அரசனாக முடியாது. அந்தப் பக்கத்தை வாசித்தபோது சிரித்துவிட்டேன். நூலகத்தில் இருந்தோர் திரும்பிப் பார்த்தனர். ஏனெனில் உங்களை அறியாமலே நானும் அதைச் செய்திருந்தேன்.

என் கணவரின் தம்பி சிவநேசன், அண்ணன் இல்லாவிட்டால் அடுத்தது தான்தான் என்று எல்லா வீடுகளிலும் கதைத்துக்கொண்டு திரிந்தார். நான் அவரை அழைத்து, அன்னதானப் பொறுப்பை ஆயுள் முழுவதற்கும் அவருக்கே அளித்தேன். அத்தோடு கோவிலின் சட்டவிதிகளான யாப்பில் ஒரு விதியும் சேர்த்தேன். அன்னதானம் பரிமாறுகிறவர் அடியாருக்கு அடியார்; ஆகையால் அவர் பரிவட்டம் பெறலாகாது. எல்லோரும் கைதட்டினார்கள். அவரும் தட்டினார். தேர்த் திருவிழாவன்று சாம்பார் வாளியோடு என்னிடம் வந்தார்.

"என்ன அண்ணி, அரசாங்கம் உங்களுக்கு, சாம்பார் எனக்கோ?"

"சனம் சாம்பாருக்குத்தானே வருது, தம்பி. பெரிய பதவி உங்கடைதான்."

அவர் சிரித்தார். அவருடைய மனைவி சிரிக்கவில்லை.

இனி மகனுக்கு வருகிறேன்.

துவாரகனுக்கு அந்தத் தொழிற்சாலை மண்டபத்தில்தான் ஏடு தொடக்கினோம். தகப்பனின் மடியில் இருந்து, தட்டில் பரப்பிய பச்சையரிசியில் விரலால் முதலெழுத்து எழுதினான். தகப்பன் போனபின் அவனுடைய தமிழ்ப் படிப்பு நின்றது. பாடசாலையில் டேனிஷுக்கு நேரம் போதாது என்றார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. சனிக்கிழமைகளில் இந்த ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு எழுத்தறிவித்தவள் நான். என் வீட்டில் மட்டும், தமிழில் வந்த கோவில் மடல்களை நானே வாசித்துச் சொன்னேன். பதில்களை நானே எழுதினேன். எங்கே கையெழுத்து இடுவது என்று அவனுக்கு விரலால் காட்டினேன். வாசிக்கத் தெரியாத பிள்ளை தாயைக் கேட்டுத்தான் நடக்கும். நீங்கள் இதை விளங்கிக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். வேறு எவருக்கும் இதை நான் விளக்கியதில்லை.

அவன் பதினெட்டு வயதை அடைந்தான். நான் இறங்கவில்லை, அவனும் கேட்கவில்லை. ஒடென்சே நகருக்குப் படிக்கப் போனான், அங்கேயே வேலை எடுத்தான், கல்யாணம் செய்தான். கொடியேற்றத்துக்கு மட்டும் வந்து, தலையைக் குனிந்து பட்டுத் துணியைக் கட்டிக்கொண்டு போவான். திடீரென்று சென்ற ஆண்டு மாசிப் பொதுக்கூட்டத்துக்கு, தன் வயதுப் பிள்ளைகள் ஒரு கூட்டமாகக் கார்களில் வர, அவன் வந்தான்.

தலைமையைத் தான் எடுக்கப்போவதாகச் சொன்னான். மரியாதையாகத்தான் சொன்னான். "அம்மா களைச்சுப் போனா. காணும். இனி நாங்கள் செய்யிறம்." மண்டபத்தில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். என்னைக் களைத்துப்போனவள் என்றான், பேரரசியாரே. நான் அன்று காலை ஐந்து மணிக்கு எழும்பி அந்த மண்டபத்தைக் கூட்டி, கதிரைகளை அடுக்கி வைத்திருந்தேன்.

வாக்கெடுப்புக்கு முன் நான் எழுந்தேன். தலைமை ஏற்பவர் உறுதிமொழியைச் சபைமுன் தாமே தமிழில் வாசிக்க வேண்டும் என்பது யாப்பு. அந்த யாப்பை எழுதியவள் நான். "தம்பி வாசிக்கட்டும்" என்று சொல்லித் தாளை மகனுடைய கையில் கொடுத்தேன்.

அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பின்வரிசையில் யாரோ ஒரு பெண் டேனிஷில் "அதை டேனிஷில் எழுதிக் குடுங்கோவன்" என்ற பொருள்படச் சொன்னாள். பெரியவர்கள் அவளை அடக்கினார்கள். துவாரகன் தாளிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான்.

"நீங்களே வாசியுங்கோ அம்மா. எனக்கு ஏலாதெண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

அதை அவன் மெதுவாகச் சொன்னான். தாளை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனான். அவனோடு வந்த பிள்ளைகளும் எழுந்து போனார்கள். நான் உறுதிமொழியை வாசித்தேன். ஓர் எழுத்தும் பிசகவில்லை. பொருளாளர் யோகநாதன் என் காதருகே குனிந்து, "சரியான அடி அக்கா" என்றார்.

அரியணைக்கு வளர்ந்துவிட்ட உங்கள் மகனின் கண்களை நீங்கள் பறிப்பித்தது, அரச குலத்துப் பிள்ளைகள் பிறப்பதற்கென்றே செந்நிறக் கல் பதித்த அறையில். அவனை நீங்கள் பெற்ற அதே அறையில். எதற்காக அந்த அறை? அரண்மனையில் வேறு அறைகள் இருந்தன. காவலர் கேட்டபோது நீங்களே அதைச் சொன்னீர்களா, அல்லது அவர்களாகவே தேர்ந்துகொண்டார்களா? அவன் உங்களை அழைத்தானா? வரலாறு எழுதியோர் இதைச் சொல்லவில்லை. சூரியன் பல நாள் இருண்டு, கப்பல்கள் வழி தவறின என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் சூரியன் இருளவில்லை. அது மாசி மாதம். இருளுவதற்கு இங்கே சூரியன் இருக்கவில்லை.

அதன்பின் நீங்கள் தனியே ஆண்டீர்கள். நானும் ஆண்டேன். நிருவாகத்தில் ஒரு குறையும் எவராலும் சொல்ல முடியாது.

ஆனால் ஆனி மாதம் கொடியேற்றம் வந்தது. பரிவட்டத்துக்குத் தலை இல்லை. துவாரகன் வரவில்லை. சிவநேசனுக்குக் கட்டலாமென்றால் நான் எழுதிய விதி குறுக்கே நின்றது. அவர் வாளியோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயர் பட்டுத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று பக்கமும் பார்த்தார். கடைசியில் யோகநாதன் முன்னால் வந்து தலையைக் குனிந்தார். ஐயர் கட்டினார். சபை அதை வெகு இயல்பாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த இயல்புதான் என்னை அச்சுறுத்தியது.

மாலையில் அவர் என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்து, தேநீர் குடித்தபடி கேட்டார்.

"அக்கா, குறை நினைக்காதையுங்கோ. தற்காலிகத் தலைவர் எண்டா, ஆருக்காகத் தற்காலிகம்?"

மகனின் இடத்தைக் காக்கிறேன் என்பதற்காகத்தான் அவர்கள் என்னை இருத்தினார்கள். காக்க வேண்டிய இடத்தில் எவனும் இல்லையென்று சபைமுன் மெய்ப்பித்தவளும் நானே. உங்களையும் அப்படித்தானே சொன்னார்கள், மகன் போனபின் அரியணையில் பெண் இருந்தால் அரியணை வெறுமையாக இருக்கிறதென்று? உங்களை இறக்கியவனும் உங்கள் பொருளாளனே. தீவுக்கு அனுப்பினான். அங்கே வயிற்றுப்பாட்டுக்குக் கம்பளி நூல் நூற்றீர்களாம். நான் இருபத்தாறு வருடம் இங்கே நெசவாலைகளில் நூலோடுதான் வேலை செய்தேன். அது பெரிய தண்டனை அன்று.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பொதுக்கூட்டம். யோகநாதன் தலைமைக்கு நிற்கிறார். ஆட்களை எண்ணிப் பார்த்தேன். துவாரகனும் அவனோடு அன்று வந்த பிள்ளைகளும் என் பக்கம் கை உயர்த்தினால் அன்றி நான் வெல்ல முடியாது. இதை அவனும் யாரிடமோ அறிந்திருக்கிறான். நேற்றுத் தொலைபேசி எடுத்தான், ஓராண்டுக்குப் பின்.

நான் டேனிஷில் "எப்படி இருக்கிறாய்" என்றேன், அவனுக்கு வசதியாக இருக்கட்டும் என்று. அவன் தமிழில் பதில் சொன்னான்.

"இருக்கிறன். ஞாயிறு வரட்டோ?"

"வா. உன்ரை கோவில்தானே."

"என்ரையோ?" என்றான். "நான் வந்து உங்களுக்குக் கை உயர்த்துவன் அம்மா. பெடியளும் உயர்த்துவினம். ஆனா ஒண்டு. எனக்கு வாசிக்க ஏலாதெண்டு தெரிஞ்சுதான் அண்டைக்கு அந்தத் தாளைத் தந்தனீங்கள். அதை அவ்வளவு பேருக்கும் முன்னாலை நீங்கள் சொல்லோணும். எனக்குச் சொல்லத் தேவையில்லை. எனக்குத் தெரியும்."

"யோசிச்சுச் சொல்லுறன்."

"ஓம், யோசியுங்கோ. உங்களுக்கு வடிவாச் சொல்லத் தெரியும்தானே" என்று வைத்துவிட்டான்.

பேரரசியாரே, நான் தவறு செய்தேன் என்று இங்கே எழுதவில்லை. ஆண்டேன் என்றே எழுதுகிறேன். ஆயினும் அவன் கேட்டதை மறைக்கவுமில்லை: ஆம், தெரிந்துதான் கொடுத்தேன். இம்மடலை இங்குள்ள தமிழ் இதழுக்கே அனுப்புகிறேன்; அச்சில் வரும்போது இந்த நாட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தோர் அனைவரும் அதை அறிவார்கள். யோகநாதன் வாசிப்பார். சிவநேசனுக்கு அவருடைய மனைவி வாசித்துக் காட்டுவாள், இம்முறை சிரித்துக்கொண்டு. என் மகன் ஒருவனால் மட்டும் இதை வாசிக்க முடியாது. எழுதி முடிக்கும் தறுவாயில்தான் இதைக் கண்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லக்கூடிய வழிகளுள், அவனுக்கு எட்டாத ஒரே வழியைத்தான் என் கை மறுபடியும் தேர்ந்திருக்கிறது.

ஆகவே உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்றே. உங்கள் மகன் அன்றே இறந்தான் என்கிறார்கள் சிலர். பல காலம் உயிரோடு இருந்தான் என்கிறார்கள் சிலர். இருந்தானென்றால், தீவிலிருந்து அவனுக்கு ஏதும் சொல்லி அனுப்பினீர்களா? கண்ணில்லாதவனுக்கு மடல் எழுதிப் பயனில்லை. எவரையேனும் அனுப்பி வாயால் சொல்லியிருக்க வேண்டும். அல்லது நீங்களே அவன்முன் போய் நின்றிருக்க வேண்டும். நின்றீர்களா? நின்றால், அரசியாக நின்றீர்களா, வேறு எப்படி?

உங்களைக் கொடியவள் என்று எவர் எழுதினாலும் நான் மறுக்கமாட்டேன். ஆனால் அந்த இழிசொல்லை நீங்கள் தனியே தாங்க இனி விடமாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.

கூட்டம் ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு. அதற்கு முன் தயவுசெய்து விரைந்து பதில் தரவும்.

இங்ஙனம்,
மகன் பெயரால் ஆண்ட மற்றொருத்தி, முறையால் உங்கள் தங்கை,
தவமலர்
இக்காஸ்ட்