ஆவியில் வெந்த நூல்

மதுரை,
12-11-1936, வியாழன்

அருமை மகள் சபியாவுக்கு உன் அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு இறைவன் அருளால் சுகமாக இருக்கிறோம். பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் அவ்வாறே இருக்க வேண்டுகிறோம். உன் அம்மாவுக்கு இந்த மழையில் முழங்கால் வலி சற்று அதிகம், கவலைப்படும்படி இல்லை.

சாயம் ஏறுவதற்காகப் படிகாரத்தில் நனைத்த நூலை, அந்தப் படிகாரம் பிடிக்க வெயிலில் காயப்போடாமல் ஈரத்தோடே ஆவியில் வேகவைக்கும் முறைக்கு மாப்பிள்ளை சர்க்காரிடம் பேட்டண்டு உரிமை வாங்கியிருப்பதும், நம் தெருப் பாதுஷாவும் மற்றச் சாயக்காரர்களும் அதையே செய்வதால் அவர் நோட்டீஸ் விட்டதும் நீ அறிவாய். தொழில் தெரிந்த எவருக்கும் தானாகத் தோன்றக்கூடியது என்றால் பேட்டண்டு செல்லாது. தோன்றாது என்றால் இவர்கள் மறுபடி வெயிலை நம்பவேண்டும், அடைமழையில் பட்டறை மூடியே கிடக்கும். இதைத் தீர்த்துச் சொல்லும்படி இரு தரப்பும் என்னையே கேட்டார்கள். மாமனார் சொல்லலாகாது என்று மறுத்தும் பாதுஷா விடவில்லை. “வக்கீலண்ணே, மருமகன்னு பாத்து நியாயத்த மாத்துற ஆளா நீங்க? என்ன சொன்னாலும் கட்டுப்படுறோம்” என்று என் வாயை அடைத்துவிட்டான்.

இங்கே எல்லாரும் “புட்டு அவிக்கிற மாதிரிதானே, இதுக்கொரு பேட்டண்டா?” என்கிறார்கள். விடையை அறிந்தபின் சொல்வதை நான் ஏற்பதற்கில்லை. ஆகவே இதைக் கேள்விப்படாத ஒருவரைத் தேடி மேலூர் சென்று, சோணை என்னும் தேர்ந்த சாயக்காரரிடம், மழையில் நூல் காயாவிட்டால் என்ன செய்வீர் என்று மட்டும் கேட்டேன். அடுப்பு மேலே கட்டுவேன், விசிறுவேன், இல்லாவிட்டால் வெயில் வரும்வரை படுத்துத் தூங்குவேன் என்றார். எவ்வளவு நேரம் யோசித்தும் ஆவி அவர் வாயில் வரவில்லை. பிறகு நானே சொன்னதும் சிரித்தார், “அட, இது தெரியாதாக்கும்! இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக?”

ஆகவே இது தானாகத் தோன்றுவதன்று என்பதே என் முடிவு. எப்படிப் புரட்டினாலும் வேறு வழி கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் மருமகனுக்காகச் சொன்னேன் என்பார்கள். பொய் சொன்னால் நேர்மையானவன் என்பார்கள். நாளை ஜும்ஆ தொழுகைக்குப் பின் சொல்லவேண்டும். முன்னதாக ஒரு தரப்பின் வீட்டுக்கு எழுதுவது முறையன்று என்பதால், சொல்லி முடித்த பிறகே இதைத் தபாலில் சேர்ப்பேன்.

நன்றி சொல்லி மாப்பிள்ளை எனக்கு எழுதாமல் பார்த்துக்கொள். தம் உரிமையை அவர் இங்கே எவ்வளவு இறுக்கிப் பிடிப்பார் என்று கேட்க எனக்கு இடமில்லை. நீயோ தரப்பும் அல்ல, நடுவரும் அல்ல. நீ பிறந்தபோது உன் அம்மா ஜுரத்தில் கிடக்க, பாதுஷாவின் மனைவி அஜ்மல் பீவியே உனக்குப் பால் கொடுத்தாள். நேற்று வந்தவள் “எம்புள்ள எப்ப வாரா?” என்று மட்டும் கேட்டுப் போனாள்.

நோன்பு நெருங்குகிறது, விடியுமுன் சஹரில் சாப்பிடாமல் இருந்துவிடாதே. அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் விசாலமான மனமும் அருள்வானாக. அஜ்மல் பீவிக்கு நான் என்ன பதில் சொல்லட்டும் என்பதை மறவாமல் எழுது.

உன் அத்தா,
சேக் இஸ்மாயில்