பின்னால் நின்று கூப்பிட்டவருக்கு

வாய் நிறைய வெற்றிலையோடு என்னை வாழவைத்த என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் தனம் எழுதுகிறேன். அங்கேயும் வெற்றிலை கிடைக்கிறதா? கிடைத்தாலும் தொடாதீர்கள். இங்கே நம் மகன் இன்னும் இரண்டு விசைத்தறி வாங்கிப் போட்டிருக்கிறான். பாதி குடியாத்தத்துக்குக் கேட்கிற சத்தம். காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் கொட்டகைக்குள் போகிறேன், திட்டாதீர்கள்.

போன வாரம் வேலூர் ஆஸ்பத்திரியில் பரிசோதனை. காது கேட்பது அப்படியே இருக்கிறதாம், விட்டு வைத்த துளிக் கட்டியும் வளரவில்லையாம். "இந்தக் காதைப் பத்தி நாங்க இன்னும் பேசிக்கிட்டுதாம்மா இருக்கோம்" என்றார் பெரிய டாக்டர். எனக்கோ பெருமை தாங்கவில்லை. வேறு யாரிடம் போய்ப் பீற்றிக்கொள்வது?

சின்ன வயதிலேயே சீழ் வடிந்து என் இடது காது போய்விட்டது. மிச்சமிருந்த வலது காதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது எனக்கே தெரியவில்லை என்றால் யார் நம்புவார்கள்? தறி ஓடும்போது நாங்கள் உதட்டைப் பார்த்துத்தானே பேசிக்கொள்வோம். கண் கேட்டுக்கொண்டிருந்ததால் காதை யாரும் தேடவில்லை. உள்ளே இருந்த இரைச்சலைக்கூட, தறிச் சத்தம் வீடுவரைக்கும் கூடவே வருகிறது என்று நினைத்தேன்.

ஆனால் உங்கள் உதட்டை மட்டும் எந்தக் கொம்பனாலும் படிக்க முடியாது. கன்னத்தில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு பேசினால் என்னத்தைப் படிப்பது? ஊரார் பேசுவதெல்லாம் புரிந்தது, புருஷன் பேசுவது மட்டும் புரியவில்லை. "இன்னாடி, வேணும்னே பண்றியா?" என்று கத்தினீர்கள். "வாயைக் கொப்பளிச்சிட்டு வந்து பேசுங்க" என்று நானும் விடவில்லை.

அப்புறம் ஒரு மத்தியானம் கரண்ட் போய்த் தறியெல்லாம் நின்றது. நான் முதுகைக் காட்டிக்கொண்டு அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தேன். நீங்கள் பின்னால் நின்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தீர்களாம். கொட்டகையே திரும்பிப் பார்த்ததாம், நான் திரும்பவில்லை.

உள்ளூர் டாக்டர் எதிரே உட்கார்ந்து கேட்டதற்கெல்லாம் டக்டக்கென்று பதில் சொன்னேன். "காது நல்லாத்தான் இருக்கு" என்றார். நீங்கள் விடவில்லை. "இவ தறிக்காரி சார், கண்ணாலயே கேப்பா. பின்னாடி வந்து நின்னு பேசுங்க." அவர் வந்து நின்றார். மறுநாளே நாம் வேலூர் பஸ்ஸில் இருந்தோம். பள்ளிகொண்டா தாண்டும்வரை நீங்கள் வெற்றிலையே போடவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

தலையைப் படமெடுத்துப் பார்த்துவிட்டுப் பெரிய டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கேட்கும் நரம்பும் நிதானம் தரும் நரம்பும் ஒட்டியே ஓடுமாம். வலது பக்கம் அங்கே ஒரு சின்னக் கட்டி. கேன்சர் இல்லை, ஆனால் வளர்கிறது. விட்டால் மூளையை அழுத்தும். "உள்ள போக மூணு வழி. காது எலும்பைக் குடைஞ்சு போனா கட்டி நல்லாத் தெரியும், ஆனா காது போயிடும். காதுக்கு மேல திறந்து போறது, கட்டி எலும்புக்குள்ளயே இருந்தாத்தான். இது வெளிய எட்டிப் பாத்துடுச்சு. மூணாவது, காதுக்குப் பின்னால. அந்த வழியில காதைக் காப்பாத்தப் பாக்கலாம், உறுதி இல்ல. நரம்போட ஒட்டினதைக் கொஞ்சம் விட்டுட்டும் வரவேண்டியிருக்கும்."

ஆம்பூர் தோல் ஷெட்டில் வேலை பார்த்த உங்கள் அண்ணன் கூட வந்திருந்தாரே, அவர் குதித்தார். "முழுசா எடுத்துத் தொலைங்க! உசுரு முக்கியமா, காது முக்கியமா? தறிக்காரிக்குக் காது இன்னாத்துக்கு, அதான் கண்ணாலயே கேக்கறாளே." எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. உயிர் போய்விடுமோ என்ற பயம்.

"ஊரு பேசறதுக்கு கண்ணு போதும். நான் பேசறது இன்னா ஆவறது?" என்றீர்கள்.

"நீ வெத்தலையை வுடுடா."

"அது ஆவாது."

டாக்டரே சிரித்துவிட்டார். நீங்கள் அவர் பக்கம் திரும்பி, "சிக்கு வுழுந்த பாவுல நாங்க கத்தரி வெக்க மாட்டோம் சார். இழை இழையா பிரிப்போம். நீங்களும் அப்பிடியே பாருங்க" என்றீர்கள். "அதைத்தான் செய்யப் போறோம்" என்றார் அவர். அந்த நிமிஷம் என் பயம் கம்மியாகிவிட்டது.

கண் விழித்தபோது தலையில் கட்டு, பாதி முகம் தொங்கியிருந்தது, கட்டில் சுற்றியது. முகம் பிறகு சரியாகிவிட்டது. நர்ஸம்மா கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன், ஆனால் காதா கண்ணா என்று எனக்கே தெரியவில்லை. வார்டில் வெற்றிலைக்குத் தடை என்பதால் கல்யாணமான நாளாகப் பார்க்காத உங்கள் உதடுகூடப் பளிச்சென்று தெரிந்தது. நீங்கள் கையால் என் கண்ணை மூடினீர்கள்.

முதலில் வெறும் இரைச்சல். அப்புறம் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து, "தனம், ஒரே ஒரு வெத்தலை போட்டுக்கட்டுமா?"

"போட்டீங்கன்னா வூட்டுப் பக்கம் வராதீங்க" என்றேன்.

வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஓவென்று அழுதீர்கள். அந்த அழுகையையும் கேட்டேன். கட்டின நாளிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

அந்தக் காதால் உங்களோடு ஆசைதீரச் சண்டை போட்டேன். அப்புறம்தானே உங்கள் வாயில் அந்தப் புண் வந்தது. அதே ஆஸ்பத்திரி, அதே வராந்தா. எனக்கு மூன்று வழி சொன்ன இடத்தில் உங்களுக்கு ஒரு வழியும் இல்லை என்றார்கள். குரல் போய்விட்டது. எனக்காகக்கூட அந்த வெற்றிலையை விட்டிருக்கக்கூடாதா? அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, சொல்லிவிட்டேன்.

கடைசியில் உங்கள் வாயில் வெற்றிலையும் இல்லை, சத்தமும் இல்லை. உதடு மட்டும் அசைந்தது. "கேக்குதாடி?" என்று கேட்டீர்கள். தறிக்காரி ஆயிற்றே, ஒரு எழுத்து விடாமல் படித்தேன். "நல்லாக் கேக்குதுங்க" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள்.

இப்போது கொட்டகைக்குப் புதிதாக யார் வந்தாலும் பின்னால் போய் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன். திரும்பாதவர்களை வேலூர் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். வெற்றிலை போடுகிறவர்களை வாயைத் திறந்து காட்டச் சொல்கிறேன். பைத்தியம் என்கிறார்கள், சொல்லட்டும். கையும் காலும் ஓடும்வரை ஒருத்தரையும் சும்மா விடமாட்டேன். இது உங்கள்மேல் சத்தியம்.

இன்னும் நன்றாகக் கேட்கிற,
உங்கள் பொண்டாட்டி
தனம்