வெளியில் ஒரு பிடி

மார்ச் 3

அன்புள்ள உனக்கு,

நலம். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

நாம் சேர்ந்து பேருந்துகளுக்காக எழுதிய கணினி நிரல் நினைவகத்தைத் தின்றுகொண்டே போகிறது. தினமும் காலையில் அணைத்துப் போடுகிறேன். வேண்டாததை அள்ள நிரல் மொழிக்குள்ளேயே ஒருவர் உண்டே, நீ குப்பைக்காரர் என்பாயே, அவரும் தவறாமல் வந்து போகிறார். குப்பைதான் போகவில்லை. எனக்கு அலுத்துவிட்டது.

மகள் பேசினாள். புது வேலை பிடித்திருக்கிறதாம். உன்னைப் பற்றிக் கேட்கவில்லை.

இப்படிக்கு,
நான்தான்

மார்ச் 11

மகளின் அப்பாவுக்கு,

குப்பைக்காரர் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. வெறும் எண்ணால் வேறு எதையும் பிடித்துவைக்க முடியாது, அதனால் அதைக் கண்டுகொள்ள மாட்டார். இன்னொன்றைப் பிடித்துவைக்கும் தகவல் பெட்டிகள்தான் அவர் பட்டியலில் இருக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் எத்தனை பிடி என்று பார்த்து, பெட்டிகள் தங்களுக்குள் பிடித்திருப்பதைக் கழிப்பார். மிச்சமிருந்தால் வெளியிலிருந்து யாரோ பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தப் பெட்டி பிழைக்கும், அது பிடித்திருப்பதும் பிழைக்கும். மிச்சமில்லையென்றால், எவ்வளவு இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாலும் எல்லாம் போகும்.

வேகம் வேண்டும் என்று நீங்களே சொந்தமாக ஒரு பெட்டி செய்தீர்களே, அதை அவர் பட்டியலில் சேர்த்தீர்களா? "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், விடு" என்றீர்கள். என்றைக்கோ ஓடி முடிந்த பேருந்தின் பெட்டியும் அதன் ஓட்டுநரின் பெட்டியும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அங்கேயே கிடக்கும். உங்களுக்கு எல்லாமே அப்புறம்தான்.

கடிதங்களை இத்தோடு நிறுத்திக்கொள்வோம். எனக்கும் அலுத்துவிட்டது. மகளுக்கு இருமல் நின்றதா என்று மட்டும் எழுதுங்கள்.

நான்

மார்ச் 20

அன்புள்ள உனக்கு,

சேர்க்கவில்லைதான். இப்போது சேர்த்துவிட்டேன். நிரல் சாதுவாக ஓடுகிறது.

இருமல் நின்றுவிட்டது. ஆனால் யோசித்துப் பார். வீட்டை விட்டுப் போனது நீ என்று அவள் என்னிடம் மட்டும்தான் பேசுகிறாள். நான் எழுதினால்தான் அவள் சங்கதி உனக்குத் தெரிகிறது. அதற்காகத்தான் நீ பதில் போடுகிறாய் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தே அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

நேற்று அவளிடம், "இனிமே அம்மாவுக்கு நான் சொல்ல மாட்டேம்மா, நீயே பேசு," என்றேன். "அம்மா பழைய நம்பர்லதான் இருக்காங்களா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

நான்தான்

ஏப்ரல் 2

அன்புள்ள உங்களுக்கு,

பேசினாள். முதலில் இருவருமே அழுதோம், பிறகு அவள் மேலதிகாரியைத் திட்டினோம். வாரம் தவறாமல் கூப்பிடுகிறேன் என்றிருக்கிறாள்.

நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எனக்குப் புரிகிறது. இனி அவள்தான் உங்களுக்கு வெளியிலிருந்து ஒரு பிடி, எனக்கும் தனியாக ஒன்று. பிழைத்திருக்க நாம் ஒருவரையொருவர் பிடித்திருக்க வேண்டியதில்லை. கையெழுத்துப் போட்ட விவாகரத்துத் தாள்களை இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் மேல் கோபம் எதுவும் மிச்சமில்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். இந்த முறை சண்டை வராது என்று தெரிந்தது. அது தாங்காமல்தான் எழுதுகிறேன்.

நான்